ஸ்டார்ட் ஆகாத மோரிஸ் மைனரும் மூன்று கேள்விகளும்

மலேசியாவில் கார் பழுது பார்க்கிறவரை நாம் மெக்கானிக் என்று சொல்வது குறைவு. ஃபோர்மன் என்போம். மலாய்க்காரர் வாயில் அது ‘போமென்’. ஆங்கிலேயர் பட்டறைகளில் ஃபோர்மன் என்பவர் வேலையாட்களுக்கு மேலே நின்று வேலை வாங்குகிறவர். அந்தப் பதவிப் பெயர் மெல்ல இறங்கி வந்து, கையில் ஸ்பேனர் பிடித்த எல்லாருக்கும் பெயராகிவிட்டது. மேலே நின்றவர் போய்விட்டார், பெயர் மட்டும் கீழே வேலை செய்தவரிடம் தங்கிவிட்டது. ஒரு சொல் இப்படி இடம் மாறினால் அதற்குப் பின்னால் ஓர் அறிவும் கை மாறியிருக்கும். அந்த அறிவின் ஒரு சிறு பகுதியைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். பழைய கார் ஒன்று காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம் ஃபோர்மன்கள் எதைக் கேட்டார்கள், அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்பது அது.

கேட்டது மூன்றே கேள்வி. கரண்டு வருதா? எண்ணெய் வருதா? காத்து பிடிக்குதா?

எண்ணெய் என்றால் இங்கே பெட்ரோல். காத்து என்றால் சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்திப் பிடிக்கும் காற்று. ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ 1876இல் நான்கு வீச்சு எஞ்சினை ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சுவது, அழுத்துவது, தீப்பொறி வைத்து வெடிக்கவைப்பது, புகையை வெளியே தள்ளுவது என்ற அந்த நான்கு வேலைதான் இன்றும் பெட்ரோல் கார்களில் நடக்கிறது. நான்கில் ஒன்று தவறினாலும் வண்டி நகராது. ஆகவே எஞ்சின் ஓடாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனால் எல்லாமே இந்த மூன்று கேள்விகளில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். பட்டறை வாசலில் நின்று பார்க்கும்போது மந்திரம் போலத் தெரிவது உண்மையில் இந்தப் பகுப்புதான்.

தோட்டத்துக்கு முன்பே வந்த கார்

கார் என்பது நம் கதைக்குள் பின்னால் நுழைந்த ஒரு வெள்ளைக்கார ஆடம்பரம் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது தலைகீழ். கார் வந்ததால்தான் நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன்கள் இங்கே வந்தார்கள்.

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி 1908இல் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கார்கள் பெருகப் பெருக டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. 1910 ஏப்ரலில் லண்டனில் ரப்பர் விலை ராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. மலாயாவில் காடு அழிந்து கித்தா மரம் எழுந்தது. டயர் கம்பெனியான டன்லப் அந்த ஆண்டு முதல் இங்கே தோட்டங்களை வாங்க ஆரம்பித்தது. மரத்தைச் சீவ ஆள் வேண்டும். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் முறை 1910இல் முடிந்தபோது, கங்காணி முறை ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடித்திருந்தது. 1938 வரை அது நீடித்தது.

பால் மரம் சீவிய ஒரு பெண் தன் வாழ்நாளில் காரில் ஏறாமலே இருந்திருக்கலாம். ஆனால் அவள் வாளியில் சேர்ந்த பால்தான் எங்கோ ஒரு காரின் அடியில் உருண்டது. மலேசியத் தமிழரின் வரலாற்றை ரப்பர் மரத்திலிருந்து தொடங்குகிறோம். அதற்கு ஒரு படி பின்னால் போனால் எஞ்சின் இருக்கிறது.

ஊசியும் காலுறைப் பட்டையும்

ஸ்டார்ட் ஆகாத கார், நடுவழியில் நிற்கும் கார் என்ற பிரச்சினை காரின் வயதேதான். கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்கு 1886இல் காப்புரிமை எடுத்தார். வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியில் புறப்பட்டார். சுமார் 100 கிலோமீட்டர். பெட்ரோல் பங்க் என்று ஒன்று உலகத்திலேயே இல்லாத காலம். வழியில் வீஸ்லோ என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் துணிக்கறை போக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். தீப்பொறிக் கம்பியின் உறை தேய்ந்து கரண்டு கசிந்தது. காலுறையைப் பிடிக்கும் பட்டையைக் கழற்றிச் சுற்றினார்.

கவனித்துப் பாருங்கள். ஊசி எண்ணெய்க்கு, பட்டை கரண்டுக்கு. உலகின் முதல் நீண்ட கார்ப்பயணத்திலேயே நம் ஃபோர்மனின் முதல் இரண்டு கேள்விகளும் கேட்கப்பட்டுவிட்டன. கேட்டவர் காரைக் கண்டுபிடித்தவர் அல்ல, ஓட்டியவர். கார் வரலாற்றில் இந்த வேறுபாடு முக்கியமானது. செய்தவனுக்கு எஞ்சின் எப்படி ஓடும் என்று தெரியும். எப்படி நிற்கும் என்பது ஓட்டுகிறவருக்குத்தான் முதலில் தெரியவரும்.

அடுத்த கால் நூற்றாண்டுக்கு ஸ்டார்ட் செய்வது என்பது உடம்பால் செய்யும் வேலையாக இருந்தது. காரின் முன்னால் போய், இரும்பு ஹேண்டிலைச் சொருகி, பலங்கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். தீப்பொறி கொஞ்சம் முந்திவிட்டால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். ஹேண்டில் மணிக்கட்டை முறிக்கும். கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடி என்பது அந்தக் காலத்து ஓட்டுநர்களின் முதல் பாடம். சுற்றி வளைத்துப் பிடித்தால் விரல் போய்விடும்.

இதை மாற்றியவர் அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங். அவர் முதலில் வேலை பார்த்தது கல்லாப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில். கல்லாப்பெட்டியின் மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. ஒரு நொடி முழுப்பலத்தோடு இழுத்தால் போதும். கார் எஞ்சினைச் சுற்றிவிடவும் அது போதும் என்று அவருக்குத் தோன்றியது. அவருடைய மின் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. கைப்பலம் தேவைப்படாமல் போனதால், அதுவரை ஓட்டுவதற்குத் தயங்கிய பெண்களும் வயதானவர்களும் காருக்குள் வந்தார்கள். பேட்டரி, காயில், பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர் என்று தீப்பொறி உண்டாக்கும் ஏற்பாட்டையும் அதே கெட்டரிங்தான் ஒழுங்குபடுத்தினார். 1970கள் வரை உலகின் பெரும்பாலான கார்கள் அந்த ஏற்பாட்டில்தான் ஓடின. அதாவது, நம் ஃபோர்மன்கள் கற்றுக்கொண்ட ‘கரண்டு’ என்பது முழுக்க முழுக்க கெட்டரிங்கின் கரண்டு.

மலாயாவின் மைனர்

ஃபோர்டு கம்பெனி 1926இல் சிங்கப்பூரில் கிளை திறந்தது. 1941இல் புக்கிட் தீமாவில் புதிய தொழிற்சாலை கட்டியது. நான்கே மாதத்தில், 1942 பிப்ரவரி 15 அன்று, பெர்சிவல் யமஷிதாவிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்டது அந்தக் கட்டடத்தில்தான். ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கரி அடுப்பைக் காரோடு பூட்டி அதன் புகைவாயுவில் ஓட்டினார்கள். எண்ணெய் வருதா என்ற கேள்வி சில வருடம் கரி பிடிச்சிருச்சா என்று மாறியது.

போர் முடிந்து 1948இல் லண்டன் கார் கண்காட்சியில் மோரிஸ் மைனர் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், இன்றைய துருக்கியில் உள்ள இஸ்மிர் நகரில் 1906இல் பிறந்தவர். தயாரிப்புக்குப் போகும் கடைசி நேரத்தில் கார் ஒல்லியாக இருப்பதாக அவருக்குத் தோன்ற, மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவில் 4 அங்குலம் விட்டுப் பார்த்து, அந்த அகலத்தையே வைத்துக்கொண்டார். கம்பெனி முதலாளி நஃபீல்டு பிரபுவுக்குக் கார் பிடிக்கவில்லை. உடைத்து அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று திட்டினார். 1960 முடிவதற்குள் அது 10 லட்சத்தைத் தொட்டது. அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் அதுதான்.

மலாயாச் சாலைகளில் அந்த முட்டை அடிக்கடி கண்ணில் பட்டது. துரைமார்களின் பெரிய கார்களுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் ஓர் இடம் இருந்தது. பள்ளி ஆசிரியர், தோட்டத்துக் கிராணி, ஆஸ்பத்திரி டிரெசர், அரசாங்கக் குமாஸ்தா போன்றவர்கள் கடன்பட்டாவது வாங்கக்கூடிய கார் அது. வாங்கிவிட்டால் போதாது, ஓடவைக்கவும் வேண்டும். தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பட்டறைக்கு 10, 20 மைல் இருக்கும். அதனால் மைனர் வைத்திருந்தவர் ஒவ்வொருவரும் பாதி ஃபோர்மன். மைனரும் அதற்கு இடம் கொடுத்தது. பானெட்டைத் தூக்கினால் கை நுழைய இடம் இருக்கும். எல்லாச் சாமான்களும் கண்ணுக்குத் தெரியும். கெட்டரிங் வந்து 40 வருடமாகியும் முன்பக்கத்தில் ஹேண்டில் சொருகும் ஓட்டையை அவர்கள் அடைக்கவில்லை.

ஒரு பட்டறைக் காலை

சில வருடங்களுக்கு முன்பு ஈப்போவுக்கு வெளியே ஒரு பட்டறையில், 1098 சிசி எஞ்சின் வைத்த ஒரு மைனரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பல மாதமாக வீட்டுக் கொட்டகையில் நின்ற வண்டி. பட்டறைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை.

முதலில் முன்விளக்கைப் போடச் சொன்னார். விளக்கு எரிய, ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னார். விளக்கு மங்கிச் செத்தால் பேட்டரியில் சத்தில்லை, அல்லது முனையில் பூஞ்சை பிடித்திருக்கிறது. விளக்கு மங்காமல் ஸ்டார்ட்டரும் அசையாமல் இருந்தால் சுவிட்சிலோ ஸ்டார்ட்டரிலோ கோளாறு. விளக்கு மங்கி, ‘டொக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றால் ஸ்டார்ட்டர் பல் சக்கரத்தில் சிக்கியிருக்கலாம். டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும். இந்த வண்டியில் எஞ்சின் நன்றாகவே சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை.

“சுத்துது. அப்ப பேட்டரியக் குத்தம் சொல்லாத,” என்றார் உதவிக்கு நின்ற பையனிடம்.

இன்னொன்றும் சொன்னார். மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய கார்களில் நெகட்டிவ். புது வண்டிப் பழக்கத்தில் ஜம்பர் கேபிளை மாட்டப்போய் சாமானைக் கருக்கியவர்கள் உண்டு.

அடுத்து எண்ணெய். சாவியைத் திருப்பிவிட்டு எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக ஒரு சத்தம், பிறகு மெதுவாகி நின்றது. மைனரின் எண்ணெய்ப் பம்பு பேசும் பம்பு. கார்புரேட்டர் கிண்ணம் நிறையும்வரை வேகமாகத் துடிக்கும், நிறைந்ததும் அடங்கும். சத்தமே இல்லையென்றால் பம்புக்குள் இருக்கும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பேனர் கைப்பிடியால் இரண்டு தட்டு தட்டினால் பெரும்பாலும் உயிர் வரும். நிற்காமல் வேகமாகவே துடித்தால் டாங்கி காலி, அல்லது குழாயில் எங்கோ காற்று புகுகிறது. பம்பும் கார்புரேட்டரும் எஸ்யூ கம்பெனி செய்தவை. அந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஸ்கின்னர் சகோதரர்கள் லண்டனில் செருப்புக் கடை நடத்திய குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுடைய முதல் கார்புரேட்டருக்குள் மூச்சு வாங்கியது ஒரு தோல் துருத்தி. மோரிஸ் அந்தக் கம்பெனியை 1926இல் வாங்கிக்கொண்டது.

எண்ணெய் வருகிறது. இனி கரண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுக்கம்பியைப் பிடுங்கி, உறையைத் துணியால் பிடித்து, நுனியை எஞ்சின் இரும்பிலிருந்து கால் அங்குலத் தூரத்தில் காட்டினார். பையன் ஸ்டார்ட்டரைச் சுற்றினான். மெலிந்து, மஞ்சளாக ஒரு பொறி. “நீலமா, சடக்குன்னு விழணும். இது சீக்காளி,” என்றார்.

மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டு நின்றன. அதுதான் பாயிண்ட். மூடியிருக்கும்போது காயிலுக்குள் 12 வோல்ட் ஓடிக் காந்தம் உண்டாகிறது. திறக்கும் கணத்தில் அந்தக் காந்தம் சரிந்து, பல ஆயிரம் வோல்ட்டாக எழுந்து, பிளக்கில் பொறியாகக் குதிக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அந்தப் புள்ளிகள் நொடிக்கு 100 தடவை திறந்து மூட வேண்டும். திறக்கும்போது அங்கேயே பொறி பறந்து புள்ளிகள் கருகாமல் காப்பது பக்கத்தில் இருக்கும் கண்டன்சர். இந்த வண்டியின் புள்ளிகள் கருகியிருக்கவில்லை, சாம்பல் பூத்திருந்தன. பல மாதம் ஓடாமல் நின்றதில், நம் ஊர் ஈரத்தில், மேலே படலம் கட்டிவிட்டது.

மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. துணியால் துடைத்தார். இடைவெளியை 15 ‘தௌ’, அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு என்று தகட்டால் அளந்து வைத்தார். தகடு இல்லாதபோது ரோட்டோரத்தில் சிகரெட் பெட்டி அட்டையை வைத்தே அளந்ததாகச் சொன்னார். பையன் ஆர்வத்தில் புதிய கண்டன்சரையும் எடுத்துக்கொண்டு வந்தான். அதை அவர் வாங்கவில்லை.

“ஒரே நேரத்துல ரெண்டு சாமான மாத்தாத தம்பி. வண்டி ஓடிரும். எது கெட்டுச்சுன்னு உனக்குத் தெரியாமலே போயிரும்.”

நடுக்கம்பியை மாட்டிச் சுற்றியதும் பிடித்துக்கொண்டது. மூன்றாவது கேள்விக்கு அவசியம் இல்லாமல் போனது. அவசியப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஹேண்டிலைப் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றவேண்டும் என்றார். இரண்டு சுற்றில் நான்கு தடவை கை இறுக வேண்டும், சிலிண்டருக்கு ஒன்று. அடுத்தடுத்த இரண்டு இடத்தில் இறுகாமல் நழுவினால் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் கேஸ்கெட் போயிருக்கும். கெட்டரிங் வேண்டாம் என்றாக்கிய அந்த ஹேண்டில் இங்கே ஒரு வைத்தியரின் நாடி பிடிக்கும் விரலாக இருந்திருக்கிறது.

நின்றுபோனது எது

அந்த வண்டியை ஓட்டம் கெடுக்கவில்லை, நிற்பதுதான் கெடுத்தது. பழைய கார்களின் கோளாறுகளில் கணிசமானவை இப்படிப்பட்டவை. நிற்கும் காரில் பேட்டரித் தகடுகளில் உப்புப் படியும். கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகும். பாயிண்ட் பூக்கும். சிங்கப்பூரில் 1990 முதல் கார் வைத்திருக்கவே சிஓஇ ஏலம் எடுக்க வேண்டும். 35 வயதைத் தாண்டிய கார்களுக்குத் தனிச் சலுகைத் திட்டம் உண்டு. ஆனால் அதில் வருடத்துக்குச் சில வாரங்கள்தான் ரோட்டில் ஓட்டலாம். காரைக் காப்பாற்றும் அதே சட்டம் காரை நிற்கவும் வைக்கிறது. அங்கே மைனர் வைத்திருப்பவருக்கு மூன்று கேள்விகள் இன்னும் அவசியம்.

மற்ற எல்லாருக்கும் அவை அவசியமில்லாமல் போய்விட்டன. கிரைஸ்லர் 1973இல் தன் கார்களில் பாயிண்டை எடுத்துவிட்டு மின்னணுப் பற்றவைப்பைப் பொதுவாக்கியது. பிறகு கார்புரேட்டர் போனது. 1996 முதல் அமெரிக்காவில் எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரியான சோதனை முனை வைக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. கருவியைச் சொருகினால் கார் தன் கோளாறுக்கு ஓர் எண் சொல்கிறது. இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை. இன்றைய கார் மழையிலும் காலையிலும் ஒரே அழுத்தில் பிடிக்கிறது, புகையும் குறைவு. மணிக்கட்டு முறிந்த காலத்துக்குத் திரும்ப யாருக்கும் ஆசையிருக்காது.

எனக்குள்ள கவலை வேறு. பால் மரம், லயம், கங்காணி, துண்டு வாங்கல் இதையெல்லாம் நம் இலக்கியம் எழுதியிருக்கிறது. தோட்டத்து லாரி ஓட்டுநர், பட்டணத்துப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து ஃபோர்மன் ஆன பையன், மைனரைத் தானே பிரித்துப் பூட்டிய கிராணி இவர்களை என் வாசிப்பில் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். நாம் இங்கே உழைத்த வரலாற்றை நிறைய எழுதினோம். யோசித்த வரலாற்றைக் குறைவாகவே எழுதினோம். ஆங்கிலக் கையேட்டை வாசிக்க முடியாத ஒருவர், காதாலும் விரலாலும் கேட்டு, ஒவ்வொரு காரணமாகத் தள்ளி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, கோளாறின் இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார் என்றால், அது முறையான அறிவு. ஆய்வுக்கூடத்தில் நடந்திருந்தால் அதற்கு நாம் வேறு பெயர் வைத்திருப்போம்.

அந்த அறிவு பேச்சுத்தமிழில்தான் இருந்தது. “பொறி சீக்காளியா இருக்கு”, “பாயிண்ட் பூத்துருச்சு”, “காத்து பிடிக்கல”, “பம்பு பேசுது” போன்ற வாக்கியங்கள் எந்த அகராதியிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. ஆங்கிலச் சாமானுக்குத் தமிழ் வினைச்சொல் கொடுத்தவர்கள் பட்டறைக்காரர்கள். பூத்தது, பிடித்தது, பேசியது என்று மரத்துக்கும் மனிதருக்கும் சொல்லும் வினைகளை இரும்புக்குச் சொன்னார்கள். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் செய்யாத வேலை இது.

உங்கள் குடும்பத்தில் 1950களிலோ 60களிலோ கார் ஓட்டிய ஒரு தாத்தாவோ, பட்டறையில் நின்ற ஒரு பெரியப்பாவோ இருந்தால், என்ன கார் வைத்திருந்தீர்கள் என்று கேட்காதீர்கள். அதற்குப் பெருமைதான் பதிலாக வரும். ஸ்டார்ட் ஆகாத காலையில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். கையைக் காற்றில் சுற்றிக் காட்டிக்கொண்டே பதில் சொல்வார்கள். போனில் பதிவு செய்வதோடு விட்டுவிடாமல், அவர்கள் சொன்ன சொல் மாறாமல் எழுதி வையுங்கள்.